சிறுகுடலின் கடைசி முழம்

ஆகஸ்ட் 28

யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். மச்சான் நெடுமாறனின் புது வீட்டில், அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்பே, கழிவறையை நான் திறந்து வைத்துவிட்டேன்.

ஐயர் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். என் வயிறு வேறு திசையைக் காட்டியது. ஓடினேன். எல்லாம் முடிந்து குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. தண்ணீர் இணைப்பு அடுத்த வாரம்தானாம். கதவிடுக்கு வழியாக நிர்மலாவைக் கூப்பிட்டுக் கெஞ்சி, பூசைக்கு வைத்திருந்த குடத்தை உள்ளே வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது மொத்தச் சொந்தபந்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முதல்ல பசுமாட்டத்தான் உள்ள விடணும்னு சொன்னாங்க மாமா. நீங்க முந்திக்கிட்டீங்க" என்றான் நெடுமாறன்.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். மேடையில் ஊரைச் சிரிக்க வைக்கிறவன் என்று பெயர் வாங்கியாயிற்று, வேறென்ன செய்வது?

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து நிர்மலா கேட்டாள்: "எத்தினி மாசமா இப்டி?"

"ரெண்டு நாளா."

பொய். பங்குனியிலிருந்து. வலது பக்கம் அடிவயிற்றில் ஒரு வலி வேறு, வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். உடம்பைக் குறைக்கிறேன் என்று ஊரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 3

முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாத வம்பு இல்லை. யார் வீட்டுப் பத்திரம், யார் வீட்டு விவாகரத்து, யாருக்கு என்ன ஸ்கேன் - எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்துத்தான் ஆகவேண்டும். இன்று பதிலுக்கு என் வயிற்றை எல்லோரும் நகல் எடுத்தார்கள். எனக்கில்லை, நண்பனுக்கு என்றுதான் கேட்டேன்.

பூக்காரம்மா: "சூடு. தலைக்கு எண்ணெ வச்சிக் குளிக்கச் சொல்லு."

மருந்துக்கடைக்காரர்: "அமீபா." கையோடு ஒரு பட்டை மாத்திரையும் கொடுத்தார்.

எதிர்க்கடை டெய்லர்: "மூலம்." சுவரெல்லாம் அந்த விளம்பரம்தானே, அவரும் பாவம் வேறு எதைப் படிப்பார்.

நிர்மலா: "கண்டதத் தின்னா?" அவளிடம் நண்பன் கதை செல்லாது.

செப்டம்பர் 4

வெந்தயம், மோர். வயிறு இரண்டையும் வரவேற்று உடனே வழியனுப்பியது.

செப்டம்பர் 12

மாசி மகக் கமிட்டி கூட்டம். இந்த வருடமும் வைத்திக்குப்பம் கடற்கரையில் மைக் எனக்குத்தான் என்று தலைவர் சொன்னார். கைதட்டினார்கள். எனக்கு வியர்த்தது.

வருடம் முழுவதும் ஜெராக்ஸ்காரன் தெய்வசிகாமணி. அந்த ஒருநாள் மட்டும் நான் பெரிய ஆள். கடலாட வரும் மயிலத்து முருகன் மணலில் இறங்கும்போது என் குரல்தான் வரவேற்கிறது. காணாமல் போன குழந்தைகளுக்கு நான்தான் தகப்பன். ஆனால் மைக் இருப்பது மணலில் உயரக் கட்டிய பரண்மேல். மூங்கில் ஏணியில் ஏறினால் விடியலிலிருந்து உச்சிவெயில் தாண்டும்வரை இறங்க முடியாது. ஒரு சாமி போகும்போதே அடுத்த சாமி வந்துவிடும். இப்போதைய நிலைமையில் நான் ஒரு சாமிக்குக்கூடத் தாங்கமாட்டேன்.

நமக்கு அடுத்து மைக்கைப் பிடிக்க அரிகிருஷ்ணன் இருக்கிறான். ஓய்வுபெற்ற தமிழாசிரியன், தேன் குரல், தலைக்குச் சாயம். கூட்டம் முடிந்ததும் கிட்டே வந்து, "இன்னா மணி, எளச்சிட்டியே, ஒடம்புக்கு இன்னா?" என்றான். அக்கறையாம்! மைக்குக்கு அளவெடுக்கிறான்.

யாருக்கும் தெரியக்கூடாது.

செப்டம்பர் 20

பெரிய ஆஸ்பத்திரியில் குடல் டாக்டர். கலைவாணி என்று பெயர். என்னைவிடச் சின்ன வயது, சிரிக்காத முகம். என் கைவசம் இருந்த நல்ல நகைச்சுவைகள் இரண்டை இறக்கிப் பார்த்தேன். "எத்தனை தடவை போறீங்க? ரத்தம் இருக்கா? தூக்கத்துல எழுப்புதா?" என்றார்.

முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறேனா என்றார். போடுகிறேன், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி. "இன்னிலேர்ந்து வேணாம். அது குடலைப் புண்ணாக்கும்." சிகரெட்? நிர்மலா பக்கத்தில் இருந்ததால் இல்லை என்றேன். நிர்மலா டாக்டரைப் பார்த்து, "கடைக்குப் பின்னாடி நின்னு ஊதுவாரு" என்றாள். எத்தனை வருடமாகத் தெரியுமோ.

முந்தின வாரம் இங்கேயே கொடுத்த சோதனைத் தாள்களைப் புரட்டினார்: ரத்தத்தில் சத்து இல்லை. மலத்தில் கிருமி இல்லை, ஆனால் கால்புரோடெக்டின் என்று ஒன்று ஏகத்துக்கு இருக்கிறது. குடலுக்குள் அழற்சி, அதாவது உள்ளே ஏதோ எரிகிறது என்று அர்த்தமாம். எதனால் என்று கேட்டால், உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். உள்ளே போக எந்த வழி என்று நான் கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

அக்டோபர் 6

நாளைக்குக் கேமரா. இன்றைக்குக் குடலைக் கழுவும் மருந்து. எலுமிச்சை வாசனையோடு ஒரு கடல். குடிக்கக் குடிக்க ஜக்கில் குறையவே இல்லை. இனி எழுத நேரமி—

அக்டோபர் 7

பாதி மயக்கத்தில் திரையில் என் குடலைப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் நீளமாக, அழகாகத்தான் இருந்தது. கடைசியில் ஓர் இடத்தில் திரை முழுவதும் வெள்ளைப் புண்கள். "சிறுகுடல் முடியற எடம். கடைசி ஒரு முழம்" என்றார் டாக்டர். பூ வாங்குகிற அளவில் சொன்னால் எனக்குப் புரியும் என்று கண்டுபிடித்துவிட்டார்.

சதை கிள்ளி எடுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 16

ஒன்றும் புரியவில்லை. ஒன்று குடல் டிபி, இல்லையென்றால் குரோன் நோயாம். இரண்டும் அதே இடத்தில் அதே மாதிரிப் புண் போடுமாம். சதைப் பரிசோதனை குரோன் பக்கம் சாய்கிறது, ஆனால் சத்தியம் செய்யவில்லை. டிபி கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆறேழு வாரம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் எதாச்சும் ஒண்ணுக்கு மருந்து குடுங்களேன்" என்றாள் நிர்மலா.

"குரோன்னா எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து. உள்ள இருக்கறது டிபியா இருந்துட்டா, அந்த மருந்தே அதுக்குத் தீனி போடற மாதிரி ஆயிடும்மா. காத்திருக்கணும்."

ஏன் வந்தது என்று கேட்டேன். முனியாண்டி கடைப் புரோட்டாவா, ஆழ்குழாய்த் தண்ணீரா, நெடுமாறன் கண் பட்டதா? காரணம் இன்னதென்று ஒற்றை விரலைக் காட்ட முடியாதாம். உடம்பின் காவலாளி எப்படியோ குழம்பிப்போய்ச் சொந்தக் குடலையே திருடன் என்று அடிக்கிறான். பரம்பரை கொஞ்சம், குடலில் குடியிருக்கும் நல்ல கிருமி கெட்ட கிருமி கொஞ்சம், சிகரெட் கொஞ்சம். காவலாளிக்கே குழப்பம் என்றால் நான் எம்மாத்திரம்?

சிகரெட்டை நிறுத்திவிட்டேன். மதியத்திலிருந்து.

அக்டோபர் 29

சாமிக்கண்ணு கடைக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். வருடா வருடம் தான் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழைப் பிரான்சுக்கு அனுப்பினால்தான் பென்ஷன் வரும். அந்த நகலுக்கு வந்திருந்தார். 'நண்பனுக்கு' என்று நோயின் பெயரைச் சொன்னேன்.

"மலாதி தெ க்ரோன்!" என்று பிரெஞ்சிலேயே சொன்னார், ஏதோ பழைய சிநேகிதனைக் கேட்ட மாதிரி. "அங்க நெறைய பேருக்குக் கீதுப்பா. என் மருமவளுக்கே இருக்கு. ஊசி போட்டுக்கினு வேலைக்குப் போவுது."

பிரெஞ்சு நோய்! நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. டிபி என்றால் தெருவே விலகும். இதென்றால் ஒரு கௌரவம். பிறகு டாக்டரிடம் சொன்னேன். குரோன் என்பவர் அமெரிக்க டாக்டராம். அந்தப் பெருமையும் போச்சு.

நவம்பர் 27

டிபி கிருமி வளரவில்லை. குரோன்தான். அப்பாடா என்பதா ஐயோ என்பதா? டிபிக்கு முடிவு உண்டு, மாத்திரை முடிந்தால் முடிந்தது. இது முடியாதாம், தூங்கும், விழிக்கும். தூங்க வைப்பதுதான் வைத்தியம்.

பியூடெசோனைட் என்று ஒரு ஸ்டீராய்டு, காலையில் மூன்று கேப்சூல் மாத்திரை. உடம்பெங்கும் பரவாமல் அந்தக் கடைசி முழத்தில் மட்டும் வேலை செய்யுமாம். அது பிடித்ததும், நெடுங்காலத்துக்கு இன்னொன்று.

"மாசி மகத்துக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"சரியா சாப்பிட்டா ரெண்டு மாசத்துல நல்லா அடங்கணும்."

கீழே வந்ததும், வண்டி நிறுத்தத்தில் நின்றபடியே நிர்மலா மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அவன் மாசி மகத்துக்குக் கடலுக்கு வரும்வரை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. வேண்டுதல் அவளுடையது, மீன் குழம்பு போவது எனக்கு.

நவம்பர் 29

மகள் சுடர்விழி மாத்திரையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, இந்த மேல் கூடு மாட்டு எலும்புலேர்ந்து காய்ச்சி எடுக்கறதும்மா." கல்லூரிக்குப் பணம் கட்டியதன் பலன்.

நிர்மலாவுக்கு முகம் போய்விட்டது. விரதத்தின் மூன்றாம் நாளே மாட்டெலும்பு! அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்த கடுகு மாதிரி உருண்டைகளை இஞ்சி தட்டும் சின்ன உரலில் நைசாக அரைத்து, தேனில் குழைத்து, ஆள்காட்டி விரலால் என் நாக்கில் தடவினாள். சித்த மருந்தெல்லாம் அவர்கள் வீட்டில் அப்படித்தான் கொடுப்பார்களாம். மருந்தும் உள்ளே போயிற்று, விரதமும் கெடவில்லை. கெட்டிக்காரி.

டிசம்பர் 19

ஒன்றும் அடங்கவில்லை. ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். நிர்மலா விடிந்ததும் குளித்து, முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அரைக்கிறாள். இவ்வளவு பக்தியோடு யாரும் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கமாட்டார்கள். வலி மட்டும் நாத்திகனாக இருக்கிறது.

கடையில் கூட்டம் இருக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுகிறேன். கரண்ட் இல்லை என்று சொல்கிறேன். பக்கத்துக் கடையில் மின்விசிறி சுற்றுகிறது.

ஜனவரி 9

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு முதன்முறையாக நெற்றியைச் சுருக்கினார். குடல் கொஞ்சம் குறுகத் தொடங்கியிருக்கிறது. "மாத்திரை ஒழுங்கா எடுக்கறீங்களா?" சத்தியமாக என்றேன். நம்பவில்லை. இந்த மாதமும் பார்ப்போம், கேட்கவில்லையென்றால் ஊசி மருந்து. குறுகல் அதிகமானால் அந்த முழத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டியிருக்கும். எப்போது? "மார்ச் வாக்குல."

மாசி மகம் மார்ச் பன்னிரண்டு.

வயித்தக் கிழிச்சிக்கினு படுத்திருப்பேன், அங்க அரிகிருஷ்ணன் "அருள்மிகு"ன்னு இழுத்துக்கினு இருப்பான். இதுக்கா இவ்ளோ நாள்... நான் என்ன தப்பு பண்ணேன்? சிகரெட்ட விட்டேன். புரோட்டாவ விட்டேன். மீன விட்டேன். இன்னும் இன்னாத்த விடணும்? புரியல. எதுவும் புரியல.

ஜனவரி 10

நிர்மலா நேற்றிலிருந்து இன்னும் நைசாக அரைக்கிறாள்.

ஜனவரி 24

இன்றைக்கு நிர்மலாவும் உள்ளே வந்தாள். டாக்டர் குரலில் கொஞ்சம் சூடு. "உண்மையச் சொல்லுங்க. மாத்திரைய விட்டுடறீங்களா? நடுவுல நாட்டு மருந்து எதாவது?"

நிர்மலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒருநாள் கூட விட்டது கெடையாது டாக்டர். நானே என் கையால அரச்சி, தேன்ல கொழச்சிக் குடுக்கறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அரைச்சா?"

அப்புறம் சொன்னார். அந்தக் கடுகு உருண்டை ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. இரைப்பையில் அது கரையாது. சிறுகுடல் முடியும் இடத்துக்கு வந்த பிறகுதான் கரைந்து, மருந்தைப் புண்ணின்மேல் கொட்டும். அரைத்தால் பூச்சு போயிற்று. வயிற்றிலேயே கரைந்து, ஈரலுக்குப் போய், அங்கேயே செத்துவிடும். "கூட்டைப் பிரிச்சது கூடப் பரவாயில்லைம்மா. அரைச்சதுதான்..."

இரண்டு மாதமாக என் கடைசி முழத்துக்கு ஒரு பொட்டு மருந்தும் போய்ச் சேரவில்லை.

நிர்மலாவைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், மருந்து தடவும் அந்த விரலில். எனக்கு ஏழெட்டு நகைச்சுவை நாக்கு நுனிவரை வந்தது. உரல், தேன், முருகன், மாடு. ஊரில் வேறொருத்தி செய்திருந்தால் இதை வைத்தே பத்து மேடை ஏறியிருப்பேன்.

"நான்தான் டாக்டர் அரைக்கச் சொன்னேன். முழுசா முழுங்கினா தொண்டைல மாட்டுது" என்றேன்.

டாக்டர் என்னைக் கொஞ்சம் திட்டினார். பிறகு வழியும் சொன்னார்: கூட்டைத் திறந்து, உருண்டைகளை அப்படியே ஒரு கரண்டி பழக்கூழில் போட்டு, மெல்லாமல் விழுங்கலாம். விரதமும் கெடாது, மருந்தும் போய்ச் சேரும். ஊசியைப் பற்றி ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்றார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறினோம். ஈசிஆர் சாலையில் காற்று அடித்தது. பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால், "ஏன் பொய் சொன்ன?" என்றாள். கோபத்தில்தான் அவள் என்னை ஒருமையில் பேசுவாள். இது கோபம் மாதிரித் தெரியவில்லை.

"பழக்கம்" என்றேன்.

ஜனவரி 25

வாழைப்பழக் கூழ். அரைக்காமல். உரலை இஞ்சிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 11

இன்று காலை ஒருமுறைதான் போனேன். நம்பாமல் மதியம்வரை காத்திருந்தேன். வரவில்லை. எனக்கே என்னவோ போல் இருந்தது, வழக்கமாக வரும் வாடிக்கையாளர் வராத மாதிரி.

பிப்ரவரி 22

கால்புரோடெக்டின் பாதிக்கும் கீழே. கத்தி வேண்டாம். டாக்டர் சிரித்தார் என்று சொல்ல ஆசைதான். உதடு கொஞ்சம் நகர்ந்தது. பியூடெசோனைட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள், திடீரென்று நிறுத்தக்கூடாது. இன்றிலிருந்தே அசத்தயோப்ரின் என்று இன்னொன்று. காவலாளியைச் சற்று அடக்கி வைக்க. அதற்கு அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் வந்தால் ஓடிவர வேண்டும். "நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தினா திரும்ப வந்துடும்" என்றார், என்னைப் பார்த்து அல்ல, நிர்மலாவைப் பார்த்து.

மார்ச் 11

நாளைக்கு. இட்லி இரண்டு, காரச்சட்னி இல்லை. மாற்று வேட்டி ஒன்று பையில், யாருக்கும் தெரியாமல். பரண்மேல் திடீரென்று வந்தால் என்ன செய்வேன்? ஏணி இறங்கி, மணலில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, வைத்திக்குப்பத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவேன்? மறுபடி ஒரு புது வீடா?

மார்ச் 12

தொண்டை கட்டிவிட்டது. கை மட்டும் பேசுகிறது.

இறங்கவே இல்லை! விடிந்ததிலிருந்து சாமி மேல் சாமி. மயிலத்து முருகன் அலையில் கால் நனைத்தபோது கூட்டத்தில் நிர்மலாவைப் பார்த்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பிறகு பரணை நிமிர்ந்து பார்த்தாள். மஞ்சள் கவுன் போட்ட குழந்தை, குருசுக்குப்பத்துத் தாத்தா, ஒற்றைச் செருப்போடு அழுத ஒரு புது மாப்பிள்ளை - எல்லோரையும் உரியவர்களிடம் சேர்த்தேன்.

உச்சிவெயிலில் ஒருமுறை வயிறு உறுமியது. செத்தேன் என்று நினைத்தேன். பசி! அது பசி என்று அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அரிகிருஷ்ணனை நாள் முழுக்கக் காணவில்லை. வயிற்றெரிச்சலில் வீட்டில் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மிகவும் ருசியாக இருந்தது. இவ்வளவு மாதம் ஒருத்தருக்கும் தெரியாமல் கடத்திவிட்டேன், அதுதான் என் சாமர்த்தியம்.

மார்ச் 13

பரணைப் பிரிப்பதற்குள், மறந்து வைத்துவிட்ட துண்டை எடுக்கப் போனேன். நேற்று என் முதுகுப் பக்கம் கீற்றுத் தட்டி மறைத்திருந்தது. இன்று தட்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். பின்னால், ஏணிக்கு நாலடி தள்ளி, நகராட்சியின் கழிப்பறை வண்டி நின்றிருந்தது. டிரைவர் கிளப்பிக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"தண்டமா நிக்க வச்சிட்டாங்க சார். மீன் எறக்கற எடத்தாண்ட வுட்டிருந்தா எவ்ளோ சனத்துக்கு ஒதவியிருக்கும். நேத்து பூரா ஒருத்தர் கூட உள்ள போவல."

"ஏன் போவல?"

"போவ வுட்டாதான? அரிகிருஷ்ணன் சாரு காலைலேர்ந்து கதவாண்ட நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. வண்டி இங்கதான் நிக்கணும்னு கார்த்திகை மாசக் கூட்டத்துலயே அவரும் கமிட்டியும் பேசி முடிவு பண்ணிட்டாங்களாம்."

வண்டி திரும்பியது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, கொட்டை எழுத்தில்: 'மைக் பிடிப்பவருக்கு மட்டும்.' கீழே அதையே பிரெஞ்சிலும் எழுதியிருந்தது, சாமிக்கண்ணுவின் கையெழுத்தில்.